அக்கா பெயரில் வந்த ஸ்காலர்ஷிப்

என் பெயர் சுகிர்தம். எங்கள் வீட்டில் இந்தப் பெயருக்கு நான் இரண்டாவது ஆள். முதல் சுகிர்தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவர் ஓரமாகப் படுத்திருக்கிறாள்.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சபையில் சொல்லும்படி போதகர் ஐயா மூன்று வருடமாகக் கேட்கிறார். நான்தான் நாள் கடத்திக்கொண்டே வந்தேன். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் எல்லோரும் தாங்கள் எப்படி ஜெபித்தோம் என்று அழகாகச் சொல்கிறார்கள். நான் எப்படி ஜெபித்தேன் என்று சொன்னால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம், இந்த 1988 ஜூனில், என் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்காலர்ஷிப் பாரத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பாரத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். அவள் அழுததைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்போம், அவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் தோல் வாடை போகாது. அம்மா வீட்டில் பீடி சுற்றினாள். 1957 ஏப்ரலில் அவர்களுக்கு முதல் பெண் பிறந்தாள். சுகிர்தம் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1958 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள். அப்போது நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம். பிப்ரவரியில் அம்மாவின் தாய்வீடான ஆலங்காயத்தில் பிறந்தேன். பெண் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதே பெயரை வையுங்கள் என்றாள். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. யாரும் தப்பாக நினைக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயரோடு வளர்ந்தவளுக்குத்தான் அது தெரியும். குழந்தையின் குழிமேல் நைனா சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன்னே ஆணியால் எழுதியிருந்தார். மேலே 'மா. சுகிர்தம்'. கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். நான் அ, ஆ கற்றுக்கொண்ட வருடம், ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நானே எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயர் அந்தக் கல்லில் இருந்த என் பெயர். அன்றைக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். வீட்டில் அவள் 'பெரியவ', நான் 'சின்னவ'. எனக்குப் பத்து வயதானபோதும் பன்னிரண்டு வயதானபோதும், ஒன்றே முக்கால் வயதுகூட நிறையாத அந்தக் குழந்தைதான் பெரியவள். அம்மா தனியாக உட்கார்ந்து பீடி சுற்றும்போது சில நேரம் தன்பாட்டுக்கு, "சுகிர்தம்..." என்று மெதுவாகச் சொல்வாள். ஏன்மா என்று நான் ஓடிப் போய் நிற்பேன். என்னைப் பார்த்து ஒரு கணம் விழிப்பாள். "ஒண்ணுமில்ல, போ" என்பாள். அவள் கூப்பிட்டது என்னை இல்லை.

பேய் பிசாசு என்று நான் கதை கட்டவில்லை. ஆண்டவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் யாரோ ஒருத்தியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவள் எந்த நேரமும் வந்து எழுந்திரு என்பாள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அது இன்றைக்கும் போகவில்லை.

இனி நைனா செய்த தவற்றைச் சொல்லவேண்டும். 1963இல் எனக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். ஒரு வயிறாவது நிறையட்டும் என்று என்னைச் சேர்க்கப் போனார். வயது போதாது, ஞானஸ்நானச் சீட்டு கொண்டு வா என்றார்கள். என் சீட்டை யாரும் எழுதி வாங்கி வைக்கவில்லை. பெட்டியில் பெரியவளுடைய சீட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டிவிட்டார். ஆறு வயது சரியாக இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். அம்மா கேட்டதற்கு, "பேரு ஒண்ணு, அப்பன் ஆயி ஒண்ணு, இதுல இன்னா பொய் கீது?" என்றாராம். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் படித்தவள் பெரியவள்தான். மார்க் வாங்கியவள் அவள். 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் முதல் வகுப்பு வாங்கியவளும், பிறந்த தேதிப்படி, அவள்தான்.

எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். வேலூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலும் கிடைத்தது. பீஸ் கட்ட எங்களிடம் ஏது? "அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்கு நீ தகுதிதான். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் சேர்த்து ஜூலை முப்பத்தொன்றுக்குள் பாரத்தைக் கொடுத்துவிடு. இல்லையென்றால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுக்கவேண்டி வரும்" என்று கல்லூரி அம்மா சொன்னார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்பாடியில் பாசஞ்சர் ஏறி ஊர் வந்து சேரும்வரை நைனாவிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன்.

சான்றிதழ் தாசில்தார் கொடுப்பது. அதற்கு முதலில் கிராம முன்சீப் எழுதிக் கொடுக்கவேண்டும். டேனரியில் கொடுத்த சம்பளச் சீட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். என் புத்தகத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய பிறப்புப் புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக, சிவப்பு மையில், 'மரணம்' என்று எழுதியிருந்தது. தேதி இல்லை. வெறும் அந்த ஒரு வார்த்தை.

"மாணிக்கம், இந்தப் பொண்ணு செத்துப்போச்சேப்பா. என் கையெழுத்துதான் இது. அப்ப இங்க நிக்கிறது யாரு?"

நைனா தரையைப் பார்த்தார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். முன்சீப் கெட்டவர் இல்லை. பயந்தவர். "செத்த பொண்ணு பேர்ல நான் எழுதிக் குடுத்தா என் வேலை போய்டும்பா. இறப்புப் புத்தகத்துல தேதியப் பாக்கலாம்னா அந்த வருஷத்துப் புத்தகத்தைக் கரையான் தின்னுடுச்சு. இவளுது பொறப்பு எங்கனா பதிவாயிருந்தா கொண்டா, பாக்கலாம்" என்றார். மறுநாளே பஸ் பிடித்து ஆலங்காயம் போனோம். அங்கே தாத்தா வீட்டில் ஆளுக்கொருத்தர் மற்றவர் பதிந்திருப்பார் என்று விட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் நான் இல்லை. யோசித்துப் பாருங்கள். செத்தவள் காகிதத்தில் இருக்கிறாள். உயிரோடு இருக்கிற நான் காகிதத்தில் பிறக்கவே இல்லை.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நைனா அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? அந்த சிவப்பு மை ஒரு வார்த்தை. அத எடுக்கறதுக்கு ஆளு கீது. பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரு பத்திரம் குடுத்துடுங்க, இவதான் அந்தப் பொண்ணுன்னு. விசாரணைக்கு வர்றவன் கல்லறைப் பக்கம் போனாத்தான் வம்பு. அத நீ பாத்துக்கோ."

நைனா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அதை அவர் சட்டைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கல்லறையைப் பார்த்துக்கொள்ள நைனாவுக்கு மனசு வராது. நான்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அந்த நாட்களில் அம்மா எனக்காக உபவாசம் இருந்தாள். காலையிலும் மத்தியானத்திலும் ஒன்றும் தொடமாட்டாள். பீடி சுற்றிக்கொண்டே உதடு அசையும். நானும் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று இப்போது சொல்கிறேன். ஆண்டவரே, அவள் பிறந்ததை அழித்துப்போடும் என்று ஜெபித்தேன். அவள் இருந்ததே இல்லை என்று ஆக்கும் என்று கேட்டேன். முழங்காலில் நின்று, கண்ணீரோடு, முழு விசுவாசத்தோடு கேட்டேன். கேட்டீர்களா? ஒரு குழந்தைக்கு விரோதமாக அப்படி ஜெபித்தவள்தான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறாள்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில், கல்லறைத் தோட்டத்தில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்துப் போனேன். டேனரியில் தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற கத்தி ஒன்று உடைந்துபோய், அந்தத் துண்டு வீட்டில் விறகு சீவக் கிடந்தது. அதைத் தாவணியில் சுற்றி எடுத்துப் போனேன். முதலில் தேதிகளைச் சுரண்டினேன். பிறகு பெயரை. சுண்ணாம்பு வெள்ளை உதிர்ந்தது. சிமெண்ட் பொடி கிளம்பி மூக்கில் ஏறியது. கல் கொதித்தது. கோபம் எனக்கு வெயிலைவிட ஜாஸ்தி. "செத்தும் என்ன விடமாட்டியா? நீ எதுக்குப் பொறந்த? எதுக்குடி பொறந்த?" என்று கத்தினேன். அவளை 'டி' போட்டு அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். உடன்பிறந்தவள் என்று உரிமையோடு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சும் அதுதான். கை நின்றது. குனிந்து பார்த்தேன். சுரண்டிக்கொண்டிருந்தது என் பெயரை. எழுத்து எதுவும் தெரியாதபடி பொடியைத் தேய்த்துவிட்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து கைகழுவக் கழுவ நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அம்மா, நானும் அவளோடு உபவாசம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் நைனா பத்திரத்தை எடுத்தார். "ராஜம்மா, இதுல ஒரு கைநாட்டு வெய்யி. புள்ள படிப்புக்கு" என்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெரியாத தாளில் அவள் விரல் வைத்ததே கிடையாது. என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எங்களுக்கு 1957ஆம் வருடம் பிறந்த மகள் சுகிர்தம் இவளே என்று இருந்தது. கடைசி வரியை முணுமுணுத்து முடித்தேன்.

"இன்னொரு வாட்டி படி."

"எங்களுக்கு வேறு குழந்தை எதுவும் பிறந்து இறக்கவில்லை."

அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "பெத்தது நானு. கடைசியா அது வாயில தண்ணி ஊத்துனது நானு. அது பொறக்கவே இல்லன்னு என் வெரல வெக்கச் சொல்றியா? என்னால முடியாது."

எனக்கு வெறி வந்துவிட்டது. "செத்தவளுக்கோசரம் உயிரோட இருக்கிறவள பலி குடு. அவதான உனக்குப் பெரியவ! என்ன எப்பனா பேர் சொல்லிக் கூப்ட்டியா? எப்பவும் அவளைத்தான கூப்பிடற!" என்று கத்தினேன். பதினைந்து வருடமாக உள்ளே கிடந்தது அத்தனையும் கொட்டிவிட்டது. அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "உனக்கு அப்படியாடி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். உனக்காகத்தான் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். பொய்யில் விரல் வைத்துவிட்டு அந்தக் கையைக் கூப்பி எப்படிக் கேட்பேன் என்றாள்.

நைனா எழுந்து பத்திரத்தை அடுப்பில் போட்டார். "நாளைக்கு நேரா தாசில்தாரப் பாத்து உள்ளத சொல்லிட்றேன். ஜெயில்னா ஜெயிலு" என்றார். சொன்னபடி திங்கட்கிழமை அவரும் அம்மாவும் போய் ஒளிக்காமல் சொன்னார்கள். தாசில்தார் திட்டினாராம். திட்டிவிட்டு, நேரில் போய் விசாரித்து எழுது என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட்டார். ஜூலை இருபத்திநாலாம் தேதி அந்த இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். எதற்கும் முகம் மாறாது. கல்லூரி சொன்ன நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எங்கள் சபையின் உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். 1957இல் ஒரு சுகிர்தம், 1959இல் ஒரு சுகிர்தம். அடக்கத்துக்கு அந்த நாளில் எங்கள் சபையில் புத்தகம் வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

"ரெண்டு பொண்ணு பொறந்தது சரி. ஒண்ணு செத்தது எப்போ? இதுதான் எனக்குத் தெரியணும். பெரிய பொண்ணு படிச்சுப் பாஸ் பண்ணிட்டு, அப்புறம் செத்து, அது புத்தகத்தை வெச்சுக்கினு சின்னது காலேஜுக்குப் போவுதுன்னா அது போர்ஜரி. ஊர்க்காரங்க உங்களுக்குத் தோதாத்தான் சொல்வாங்க. எழுத்துல இன்னா இருக்குது, காட்டு."

நைனா முகம் மலர்ந்தது. "கல்லறைல தேதி போட்டிருக்கேன் சார். என் கையால எழுதினேன்" என்றார்.

எனக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நடந்தார்கள். கல்லறைக்குப் போகும்போதெல்லாம் கல்லைக் கழுவுவது அம்மாவின் வழக்கம், அன்றும் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கடைசியில் நடந்தேன். ஆண்டவரே, என்னை இப்போதே எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். என் பெயர் எழுதிய கல் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே என்றும் தோன்றியது. அப்படி ஒரு நினைப்பு வந்தது, மறைக்கமாட்டேன்.

கல்லைப் பார்த்த நைனா, "ஐயோ!" என்றார். எழுத்து இருந்த இடம் முழுக்க ஒரே வெள்ளைப் புண்ணாக இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தானா போனதில்ல. புதுசா சுரண்டியிருக்குது. எனக்குப் பயந்துக்கினு யாரோ அழிச்சிருக்காங்க. இனிமே நான் இன்னா எழுத?" என்று நோட்டை மூடினார்.

நைனாவைத்தான் சந்தேகப்பட்டார். நைனா மேல் பழி விழுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "நான்தான் சார் சுரண்டினேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அவ இல்லாமப் போவட்டும்னு சுரண்டினேன்" என்றேன். என் நாக்கு அதைச் சொன்னதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவள் கல் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் பொடியைத் துடைத்தாள். சோறு தின்ற குழந்தைக்கு வாய் கழுவிவிடுவதுபோல, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையால் தேய்த்துக் கழுவினாள். "வெய்ல்ல எப்டி சுடுது பாரு கல்லு" என்றாள். இன்ஸ்பெக்டர் கிளம்பச் சைக்கிளைத் திருப்பினார். உபதேசியார் அவரோடு ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

ஆடி மாத வெயில். கல்லின் மேல்பரப்பு பார்க்கப் பார்க்கக் காய்ந்து வெளுத்தது. ஆனால் எல்லா இடமும் காயவில்லை. நைனா பதினைந்து வருடம் முன்னால் ஆணியை ஆழமாக ஊன்றி எழுதியிருந்தார். என் கத்தி மேலே மேலேதான் போயிருக்கிறது. அடியில் தங்கிய ஈரம் கறுப்பாக நின்றது. முதலில் ஒரு துணைக்கால் தெரிந்தது. பிறகு ஒரு சுழி. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். மா. சுகிர்தம். கீழே பிறந்த தேதி. அதன்கீழே 15-12-58.

"சார்!" என்று நைனா கத்திய கத்தல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். இந்தமுறை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து, நோட்டில் எழுதினார். ஈரம் காய்ந்து எழுத்து மறைவதற்குள் எழுதி முடித்துவிட்டார். எழுந்து என்னைப் பார்த்தார். "போய் ஒழுங்காப் படி. ரெண்டு பேருக்கும் சேத்துப் படி" என்றார். அன்றைக்கு அவர் முகம் மாறியது அந்த ஒருமுறைதான்.

இதில் என்ன அற்புதம், ஆழமாக எழுதினால் ஈரம் நிற்கத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். படித்தவள், எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அழித்துப்போடும் என்று நான் கேட்டேன். அம்மா எனக்கு வழி திறக்கும் என்று கேட்டாள். கர்த்தர் என் ஜெபத்தைத் தள்ளிவிட்டு அம்மாவின் ஜெபத்தைக் கேட்டார். நான் அழிக்கப் பார்த்த எழுத்தைக்கொண்டே எனக்கு வழி திறந்தார். என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஜூலை முப்பதாம் தேதி சான்றிதழ் கைக்கு வந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலையில் கல்லூரியில் பாரத்தைக் கொடுத்தோம். ஸ்காலர்ஷிப் வந்தது. பி.யூ.சி., பி.எஸ்சி., பி.எட். எல்லாம் அரசாங்க உதவியிலேயே படித்தேன். 1980இல் ஆசிரியை வேலையும் கிடைத்தது. வயதைத் திருத்தவும் நைனா முறைப்படி மனுப் போட்டார். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபின் பிறந்த தேதியை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதனால் சர்க்கார் கணக்கில் நான் இன்றும் பெரியவளின் தேதியில்தான் பிறந்தவள். ஹாஸ்டலில் வார்டன் அம்மா பெயர் கூப்பிடும்போது, ஒரு கணம் பொறுத்துத்தான் உள்ளேன் என்பேன். வேறு யாராவது சொல்லப்போகிறார்களோ என்று காது கேட்கும். இப்போதும் ஏப்ரல் மாதம் அந்தத் தேதியில் கூட வேலைபார்க்கும் டீச்சர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன். அது எனக்குரியது இல்லை.

அன்றைக்குக் கல்லறையிலிருந்து வந்தபிறகு அம்மா என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து என்னைச் சின்னவ என்பதை விட்டுவிட்டாள். சுகிர்தம் என்று என் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தவள் நான்.

இரண்டு வருடம் முன்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "பெரியவ தேதிப்படி எனக்கு ஒரு வருஷம் பத்து மாசம் முன்னாடியே வேலையில ஓய்வு குடுத்துடுவாங்கமா."

அம்மா பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். "அவ இருந்தது ஒரு வருஷம் எட்டு மாசம். அத அவளுக்குக் குடுத்துட்டேன்னு வெச்சுக்கோ. ரெண்டு மாசம் ஜாஸ்தி வருதே" என்றாள். பிறகு அவள் கை அப்படியே நின்றுவிட்டது. டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் இருந்த இரண்டு மாதம் அது.

"அந்த ரெண்டு மாசம் எனக்கு எந்த சுகிர்தமும் இல்ல" என்றாள்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். பெரியவள் பக்கத்திலேயே வைத்தோம்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளைகளுக்குப் படிக்க உதவி உண்டு. பாரம் வாங்குங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதப் பயமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், தாலுகா ஆபீசுக்கு நானே கூட வருகிறேன். என் மேஜைமேல் அழுத அந்தப் பெண்ணோடும் போன வாரம் போய்வந்தேன். ஆண்டவரை நம்புங்கள். ஆனால் எதையும் அழித்துப்போடும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இப்போது நான்தான் குடம் தூக்கிக்கொண்டு போகிறேன். கல்லைக் கழுவிவிட்டு, வெயில் ஏறி அது காயும்வரை நிற்பேன். பெயர் தெரியும். உள்ளேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.